ஐயாயிரத்து நானூறா, ஏழாயிரத்து இருநூறா?

கல்யாண வீட்டில் பெண்கள் பக்கம் எடுத்த வீடியோ அந்நிய ஆண்கள் கண்ணில் படக் கூடாது. கல்முனையில் றுகையாவின் பிழைப்பே இந்த ஒரு விதியில்தான் ஓடியது. படம் பிடிப்பதும் வெட்டி ஒட்டுவதும் அவளே. டிவிடியைக் கொடுத்த கையோடு தன்னிடம் உள்ளதை அழித்துவிடுவாள். தாய்மார் அவளை நம்பியது அதற்காக. நாலைந்து பேர் சேர்ந்து உண்ணும் புரியாணிச் சஹன் தட்டைச் சுற்றிச் சுற்றி எடுக்கும் அழகுக்காக அல்ல.

2013இல், புதுப்பெண் அம்ஹா மாப்பிள்ளையோடு கட்டாருக்குப் பறக்க மூன்றே நாள் இருக்கையில், றுகையாவின் லெப்டொப்பில் ஹார்ட் டிஸ்க் மூச்சு நின்று மௌத்தானது. நல்ல காலம், கல்யாண வீட்டில் அவள் வைத்த மூன்று கமராக்களின் கார்டுகளிலும் படம் இருந்தது. ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் முடிக்காவிட்டால் அம்ஹா வெறுங்கையோடு போவாள். அதன் பிறகு றுகையாவை எந்தக் கல்யாணத்துக்கும் கூப்பிட மாட்டார்கள்.

பசாரில் கடை வைத்திருந்த ஸப்ரி, மேசையில் இரண்டு டிஸ்க்குகளை வைத்தான். ஒன்று நிமிடத்துக்கு 5400 தரம் சுற்றும், ஆயிரம் ஜிபி. மற்றது 7200, இடம் அதில் பாதி.

"பெரிசை எடுங்க றாத்தா. பொம்புளயளுக்கு வேகம் என்னத்துக்கு? மற்றது சூடாகும், பற்றரியையும் குடிச்சிரும்."

"நான் கரண்டுல போட்டுத்தான் வேலை செய்யிற. சேத்து வைக்கிற ஆளுமில்ல, அழிக்கிற ஆள். எனக்கு இடம் என்னத்துக்கு தம்பி?"

"அல்லாஹ்வே! ஒரு வித்தியாசமும் தெரியாது றாத்தா."

"அப்ப ரெண்டுலயும் எடிட் பண்ற சொப்ட்வெயரப் போட்டு வை. பின்னேரம் பாப்பம்."

பார்ப்பதென்றால் எதைப் பார்ப்பது? கல்யாணப் படத்தைக் கடையில் திறக்க முடியாதே. பின்னேரம் வந்தவள் கமராவை ஸப்ரியின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"காலையில சொன்னத மூணு தரம் சொல்லு."

அவன் தலையைச் சீவிக்கொண்டு கம்பீரமாகச் சொன்னான். டிஸ்க்குகளை லெப்டொப்பில் மாறி மாறிப் பூட்டி, மூன்று கமராப் படங்களை வெட்டும்போது செய்வதுபோல், மூன்றையும் அவள் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டாள். 5400இல் மூன்று ஸப்ரிகளும் "ஒரு வி... வி... வி..." என்று வாய் பிளந்து நின்றார்கள். 7200இல் மூவரும் தடங்கலில்லாமல், "ஒரு வித்தியாசமும் தெரியாது" என்றார்கள். சாமான் வாங்க வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"அழிச்சிருங்க றாத்தா, மானம் போகுது."

அவன் கண்முன்னாலேயே அழித்தாள். சின்னதை வாங்கிக்கொண்டு நடந்தாள்.

வியாழன் அசர் தொழுகை நேரத்துக்கு வேலை முடிந்தது. அம்ஹாவின் வீட்டில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். படத்தில், எல்லோரும் மணப்பெண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க, அவளைப் பெற்ற உம்மா கதவுக்குப் பின்னால் முந்தானையால் கண்ணைத் துடைத்தது ஒரு நொடி வந்தது. கல்யாணத்தன்று அதைக் கண்டது றுகையாவின் கமரா மட்டும்தான்.

"இன்னொருக்காப் போடுங்க றாத்தா," என்றாள் அம்ஹா, உம்மாவின் கையைப் பிடித்தபடி.

போட்டாள். யாரோ குரவையிட்டார்கள். பிறகு வீடே சேர்ந்து இட்டது, பக்கத்து வீட்டார் இன்னொரு கல்யாணமா என்று மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கும்வரை.