எலியின் நோன்பு

“எலி பிடிக்கிறதுக்கோ இவ்வளவு படிச்சனீ?” என்று கேட்டார், த்ரீவீல் ஓடும் என் மாமா. இரண்டு வருடங்களுக்கு முன், உடற்றொழிலியல் ஆய்வுகூடமொன்றில் எனக்கு உதவியாளர் வேலை கிடைத்த அன்று, கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில் நடந்தது இது. அப்பா மருதானையில் வெல்டிங் வேலை செய்கிறவர். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்துக் கம்பஸ் போன முதல் ஆள் நான். கொஞ்சம் மிதப்பும் இருந்தது.

ஆய்வுக்காக எலியின் உடலிலிருந்து நிணநீர் எடுக்க வேண்டும். பல மாதம் பக்கத்தில் நின்று பார்த்த பிறகு, “நாளைக்கு நீர் செய்யும். சரிவந்தால் இனி இது உம்முடைய வேலை” என்றார் ஆய்வை நடத்தும் மேடம். ஒரு மணித்தியாலம் முன்பே எலிக்கு ஒலிவ் எண்ணெய் புகட்டச் சொல்லிக் குறிப்பில் இருந்தது. அதுவரை அந்த ஆயத்தமெல்லாம் வேறொருவர் பொறுப்பு. ஒப்பரேஷனுக்கு முன் வெறும் வயிறுதானே? குறிப்பு பிழை என்று நானே தீர்மானித்து, முதல் நாளே தீனியையும் எடுத்துவிட்டேன்.

மயக்கத்தில் கிடந்த எலியைத் திறந்தால் நிணநீர்க் குழாயைக் காணவில்லை. மற்ற நாட்களில் பெரிய இரத்தக் குழாயின் ஓரமாக வெள்ளை நூல் போலத் தெரியும். குத்துமதிப்பாகக் கத்தரித்தால் இரத்தக் குழாய் கிழியும். எலியும் போகும், எனக்குக் கிடைத்த வாய்ப்பும் போகும். கை அந்தரத்தில் நின்றது.

விலங்குகளைப் பராமரிக்கும் முஸ்லிம் அண்ணரை எல்லோரும் ‘நானா’ என்றுதான் கூப்பிடுவோம். அவர் வெறும் தீனித்தட்டைத் தூக்கிப் பார்த்து, “என்ன தங்கச்சி, எலியும் நோம்பா?” என்றார்.

அப்போதுதான் உறைத்தது. கொழுப்பு உண்டால்தான் குடலிலிருந்து வரும் நிணநீர் வெள்ளையாகும். பட்டினி கிடந்தால் தண்ணீர் போலிருக்கும். நான் படித்துப் புள்ளி வாங்கிய பாடம்!

“மேடம், தீனியை நான்தான் எடுத்தனான். எண்ணெயும் குடுக்கேல்லை. இப்ப வயித்துக்குள்ள விட்டால் சரிவருமோ?”

மேடத்தின் முகம் சிவந்தது. “விடும். மயக்கம் தெளியாமப் பாத்துக்கொள்ளும்.”

ஒரு மணித்தியாலம் எலியின் மூச்சையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு மெல்ல மெல்ல வெள்ளை நூல் தெரிந்தது. மெல்லிய ரியூப்பைச் செருகினேன். தேங்காய்ப்பால் போல ஒரு துளி இறங்கியது.

“நோம்பு தொறந்தாச்சு!” என்றார் நானா. மேடமும் சிரித்துவிட்டார்.

அந்த வேலை இன்றும் என்னுடையதுதான். படித்தவள் என்ற பெருமையும் குறையவில்லை. ஆனால் “நான்தான் எடுத்தனான்” என்று வாய்விட்டுச் சொன்ன நிமிடத்தையும் இப்போது அந்தப் பெருமையோடு சேர்த்துக்கொள்கிறேன். போன மாதம் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிவு செய்துவிட்டேன். மாமாவின் த்ரீவீலில்தான் போனேன். நிணநீர் என்றால் என்னவென்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.