எதிர்க்கடை யூட்டின் கமராக்கள்

கமரா பூட்டும் தொழிலில், கள்ளரால் வரும் வியாபாரத்தைவிட அயற்கடைக்காரர் மேலுள்ள எரிச்சலால் வரும் வியாபாரம்தான் அதிகம். ஏணியில் நின்று கழுத்து நொந்த சகோதரங்களே, உங்களுக்கு இது தெரியாததல்ல. எனக்கும் அந்த எரிச்சல் உண்டு. அதன் பெயர் யூட். மன்னார் பஜாரில் இருவரும் ஒரே கடையில்தான் வேலை பழகினோம். இப்போது என் கடைக்கு எதிரே அவனுடைய கடை. வாசலில் அவனுடைய பெயர் எழுதிய வான் வண்டி வேறு.

ஒன்று கூட

புடவைக்கடை முதலாளி ஒருவர் கூப்பிட்டார். கல்லாவுக்கு ஒன்று, வாசலுக்கு ஒன்று, உள்ளே இரண்டு, நாலு கமரா தாராளம் என்றேன். அவர் காதில் வாங்கவேயில்லை. வீதிக்கு இறங்கி, பக்கத்துக் கடையில் யூட் பூட்டிய கமராக்களை விரல்விட்டு எண்ணினார். எட்டு. அப்படியானால் தனக்கு ஒன்பது வேண்டுமாம். ஒன்பதாவதைப் பூட்ட இடமில்லையே என்றேன்.

"அது பக்கத்துக் கடை வாசலைப் பார்க்கட்டும் தம்பி. அங்க எவ்வளவு சனம் ஏறுது எண்டு எனக்குத் தெரியவேணும்."

நானாட்டான் வயர்

நானாட்டானில் ஓர் அரிசி ஆலைக்கு முதலில் கமரா பூட்டியவன் நான். பிறகு புதிதாகப் பூட்ட யூட்டைக் கூப்பிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அரிசி வாங்கும் சாட்டில் போய்ப் பார்த்தேன். உமித்தூசி படாமல் மறைப்புப் போட்டு, வேலை அத்தனை வடிவாக இருந்தது. குறை தேடித் தேடி, கடைசியில் கூரையோரம் தொங்கிய ஒரு வயரைக் கண்டுபிடித்தேன். "உப்பிடி அரைகுறையாச் செய்தால் மழைக்குத் தாங்குமோ அக்கா?" என்று ஆலைக்காரம்மாவிடம் கேட்டேன்.

"அது முந்தி நீங்கள் இழுத்த வயரெல்லோ. அவர் கழட்டாமல் விட்டிட்டார்."

பேசாலை வாடி

பேசாலைக் கடற்கரையில் கருவாடு காயவிடும் வாடி வைத்திருக்கும் மரியாக்கா எங்கள் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விலை கேட்டார். இந்த வேலை கிடைக்காவிட்டால் கடையை மூடிவிட்டு யூட்டிடமே சம்பளத்துக்கு நிற்கவேண்டி வரும். அதை நினைத்தாலே எனக்குக் காய்ச்சல் காய்ந்தது. அவனை எப்படியும் மேவவேண்டும் என்ற வெறியில் பன்னிரண்டு கமரா, இரவிலும் கலர்ப் படம், சுவரளவு டிவி என்று அடுக்கினேன். உப்புக்காற்றில் இரும்புக் கமரா துருப்பிடிக்கும் என்ற முதற்பாடம் என் வாயில் வரவேயில்லை. யூட் அதைத்தான் சொல்லியிருக்கிறான். பிளாஸ்டிக் கூடு போட்ட மூன்று போதும் என்றிருக்கிறான். வேலை அவனுக்கே போனது.

"தம்பி, நான் இஞ்ச கருவாடு காயவிடுறன். நீங்கள் கலியாணவீட்டுக்கெல்லோ கமரா சொல்லுறியள்."

கழுதைகள்

சில கிழமைகள் கழித்து மரியாக்காவே எனக்குப் போன் எடுத்தார். வாடிப் பக்கம் ஆள் நடமாடினால் அவருடைய போனில் மணி அடிக்கும்படி யூட் வைத்திருந்தானாம். மன்னாரெங்கும் சுற்றித் திரிகிற கழுதைகளுக்கெல்லாம் அது அடித்து, தேவாலயத்தில் பூசை நடுவிலும் அடிக்க, பாதர் திரும்பிப் பார்த்தாராம். எனக்கு வந்த சந்தோசத்தை வெளியில் சொல்லக்கூடாது. மோட்டார்சைக்கிளில் பறந்தேன். வாடியின் வாசற்படலையை மட்டும் கவனிக்கும்படி கமராவைத் திருத்திவிட்டு, "மன்னாரில பிறந்தும் அவனுக்குக் கழுதையைத் தெரியேல்லை அக்கா" என்று தொடங்கினேன். அவர் தேத்தண்ணியை நீட்டினார்.

"அவர்தானே உங்களைக் கூப்பிடச் சொன்னவர். வவுனியாவில பெரிய வேலையாம், இனி இந்தப் பக்கத்து வேலையெல்லாம் உங்களிட்டக் குடுக்கட்டாம். தன்னைவிட நீங்கள் கெட்டிக்காரனாம்."

பொறாமைப்படுவதற்கு ஒரு கெட்டவன் கிடைக்கவும் கொடுத்துவைத்திருக்க வேண்டும்; எனக்கு அதுகூட வாய்க்கவில்லை.