தகட்டில் ஒளிர்ந்த விரல்

பேய், பிசாசு, அருள்வாக்கு எதையும் நான் நம்பினவன் இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் நான். நீங்களும் சிரிக்கத்தான் போகிறீர்கள், சிரியுங்கள், ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

என் மகள் நந்தினி எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறாள். அலுமினியத் தகட்டை ஒரு கரைசலில் நிறுத்தி மின்சாரம் செலுத்தினால் அதன்மேல் மெல்லிசாக ஆக்சைடு படலம் வளருமாம், வளரும்போது மங்கலாக ஒளியும் விடுமாம். அதுதான் அவளுடைய ப்ராஜெக்ட். கல்லூரி ஆய்வகத்தில் எவ்வளவு மூடினாலும் வெளிச்சம் கசிகிறது என்று எல்லாவற்றையும் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். சாயம் போட்ட பட்டு நூல் வெயிலில் வெளுக்கக்கூடாது என்று நாங்கள் வைத்திருக்கும் அறைக்கு ஜன்னலே கிடையாது. நடுப்பகலிலும் கும்மிருட்டு.

எனக்கோ பயம். தண்ணீர், இருநூறு வோல்ட், இருட்டு, ஒரே பெண். வேண்டாம் என்றால் கேட்பாளா? நெசவு செய்யும் எங்கள் வீடுகளில் தறிக்குப் புதுப் பாவு நூல் பூட்டினால் மஞ்சள் குங்குமம் வைக்காமல் ஊடை ஓட்டும் நாடாவைத் தொடமாட்டோம். அவள் பார்க்காத நேரத்தில், அடுக்கில் மேலே இருந்த தகட்டின் மூலையில் மோதிர விரலால் ஒரு பொட்டு வைத்தேன். உடனே வேட்டியால் துடைத்தும்விட்டேன்.

விளக்கை அணைத்தாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, எப்படிச் சொல்வது, நெருப்பில்லை, புகையில்லை, தண்ணீருக்குள் தகடு முழுக்க வெளிறிய நீலமாகப் பூத்தது. என்னையறியாமல் கைகூப்பிவிட்டேன். அப்போதுதான் மூலையைப் பார்த்தேன். அங்கே மட்டும் பிரகாசமாக ஒரு விரல், ரேகை ரேகையாக. குறுக்கே ஒரு கறுப்புக் கோடு. ஒன்பது வயதில் பட்டு நூல் அறுத்த என் தழும்பு.

"யப்பா! தகட்ட தொட்டியா?"

"பொட்டுதாம்மா வெச்சேன். தொடச்சிட்டேனே."

"எங்க தொடச்ச? உன் பக்தி பளபளன்னு எரிஞ்சிக்கினு இருக்குது பாரு! கை பட்டா உப்பு, எண்ணெ எல்லாம் ஒட்டிக்கும்பா. அங்க படலத்துல குறை விழும். குறை இருக்கிற எடத்துலதான் வெளிச்சம் ஜாஸ்தி."

இரண்டு பேரும் சிரித்தோம். அடுத்த தகட்டை என் கண்ணெதிரே பிளாஸ்டிக் உறை கிழித்து, கழுவி, இடுக்கியால் பிடித்தே மாட்டினாள். "நீ கைய பின்னால கட்டிக்கோ சார்," என்றாள். கட்டிக்கொண்டுதான் நின்றேன், சத்தியமாக.

மறுபடி அந்த நீலம். இந்த முறை ஒரு புள்ளி இல்லாமல் சுத்தம். தகடு சாய்ந்திருக்கிறது என்று இருட்டில் கையை நீட்டினாள், கையுறை இல்லை, பழக்க தோஷம். நம்புவீர்களோ மாட்டீர்களோ, அந்த நொடியில் தகட்டின் மேல் விளிம்பில் ஒரு விரல் தடம் பளிச்சென்று எரிந்தது. அந்த வெளிச்சத்தில் பார்க்கிறேன், தகட்டுக்கு மின்சாரம் கொடுக்கும் க்ளிப்பின் ரப்பர் உறை கழன்று வெறும் உலோகம், அவள் விரலுக்கும் அதற்கும் ஓர் அங்குலம்.

"கைய எடு!"

வகுப்பில்கூட நான் அப்படிக் கத்தினதில்லை. பாய்ந்து ஸ்விட்சை அணைத்தேன். அவள் நூல் மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "தகடு செஞ்ச எடத்துல யாரோ தொட்டிருப்பாங்கப்பா," என்றாள்.

இருக்கலாம் என்று நானும் விட்டிருப்பேன். ஆனால் ப்ராஜெக்டுக்காக ஸ்டாண்டில் வைத்திருந்த அவள் செல்போன் இரண்டு தகட்டையும் படம் எடுத்திருந்தது. பெரிதாக்கி, இரண்டு விரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரேகைகளை எண்ணினேன். சுழி அதேதான், வரி அதேதான், அளவும் இன்றைய என் விரலின் அளவுதான். நந்தினி ஒருமுறை பார்த்தாள், அப்புறம் பார்க்க மாட்டேன் என்கிறாள்.

இரண்டாவது விரலில் தழும்பு இல்லை.