சங்கிலியைப் பார்த்த சாஜன்

எங்கள் லொறியை மறித்த பொலிஸ்காரர்களில் ஒரே ஒருவர்தான் மரம் கட்டிய சங்கிலியைப் பார்த்தார். மற்றவர்கள் பெமிட்டைப் பார்ப்பார்கள், பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தில் சிவப்புத் துணி தொங்குகிறதா என்று பார்ப்பார்கள், பிறகு என் கையைப் பார்ப்பார்கள். கையில் இருந்தது அவர்களிடம் போனதும் நான் லொறியை எடுப்பேன்.

ஐம்பதுகளில் குளத்துக்கும் குடியேற்றத்துக்குமாக உள்ளே காடு வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெட்டிய முதிரை, பாலை மரங்களைக் கல்முனையில் இருந்த மரக்காலைக்கு ஏற்றிவருவது என் வேலை. லொறி, இரண்டாம் உலக யுத்தகாலத்தில் ஆமிக்காரர் ஓட்டித் தேய்த்தது. பக்கப்பலகைகளைக் கழற்றிவிட்டு வெறும் தட்டாக வைத்திருந்தோம். இரு ஓரத்திலும் முளைக்கம்பு குத்தி, மரங்களைக் கூம்பாக அடுக்கி, மேலால் இரண்டு சங்கிலி போட்டு இறுக்க வேண்டும். அதை இறுக்கியவன் மருதமுனைக்காரன், என் வயதுதான். நெசவுத் தறிக்குழிக்குள் கால் வைத்து அலுத்துப்போய் லொறிக்கு வந்தவன். கட்டி முடித்ததும் சங்கிலியைக் காலால் ஒரு தரம் உதைத்துப் பார்ப்பான். அவன் தலையாட்டாமல் நான் புறப்பட்டதில்லை.

அந்த இரண்டில் ஒன்றில் ஒரு வளையம் வாய் பிளந்திருந்தது. கம்பியைச் சுற்றிச் சமாளித்துக்கொண்டிருந்தோம். புதுச் சங்கிலி வேண்டும் என்று அவன் மரக்காலை முதலாளியிடம் மூன்று தரம் கேட்டான். மூன்று தரமும் முதலாளி, "அல்லாட காவல் இரிக்கி, போங்க" என்றார்.

நோன்பு மாதத்தில் ஒரு பகல், காரைதீவுச் சந்தியில் அந்தப் பொலிஸ் சாஜன் மறித்தார். தெற்கிலிருந்து மாற்றலாகி வந்த சிங்களவர். பெமிட்டைப் பார்த்துவிட்டு லொறியைச் சுற்றி வந்தார். கம்பி சுற்றிய வளையத்தில் அவருடைய விரல் நின்றது. நான் வழக்கம்போலக் கையை நீட்டினேன். அதை அவர் பார்க்கவே இல்லை.

"மேல மரம் மூணும் இறக்கு. வேற சங்கிலி கொண்டு வா. பொறகு ஏத்து" என்றார்.

உச்சி வெயில். வாயில் துப்பல்கூட இல்லை. அலவாங்கால் நெம்பி மூன்று மரத்தையும் தெருவோரத்தில் உருட்டினோம். போகிற பஸ்ஸிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் நோன்பையும் மறந்து அந்த மனிதரைத் திட்டித் தீர்த்தேன். மருதமுனைக்காரன் ஒரு சொல்லும் திட்டவில்லை.

"அந்தாள் சொல்றது சரிதானே, மச்சான்" என்றான். "நான் மூணு மாசமா இதத்தானே சொல்றன்."

அவன்மீதும் எனக்கு ஆத்திரம் வந்தது.

முதலாளி சங்கிலி வாங்கவில்லை. கோட்டடியில் வழக்குக்காரர்களுக்குப் பெட்டிசம் எழுதுகிறவரைக் கூப்பிட்டார். சாஜன் என்னிடம் கைக்கூலி கேட்டதாகவும், கொடுக்காததால் மரத்தை இறக்கவைத்ததாகவும் பெரிய பொலிஸ் துரைக்கு இங்கிலீசில் எழுதினார்கள். எழுதியவர் பொருளைத் தமிழில் சொன்னார். கைக்கூலியை மறுத்த ஒரே ஆளைப் பற்றித்தான் அப்படி எழுதியிருந்தது. விளங்கிக்கொண்டுதான் கையெழுத்து வைத்தேன். மருதமுனைக்காரன் வைக்க மாட்டேன் என்றான். பெருநாள் முடிந்து சில நாளில் சாஜனுக்கு மாற்றல் வந்தது. பஸ் நிற்கிற இடத்தில் தகரப்பெட்டியோடு நின்றவரைக் கண்டேன். அவரும் என்னைக் கண்டார். யாருடைய கையெழுத்து என்று தெரிந்திருக்கும்போல, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதன்பிறகு எங்களை மறித்தவர்கள் பழையபடி சிவப்புத் துணியை மட்டும் பார்த்தார்கள்.

வேளாண்மை வெட்டுக் காலம். வீரமுனைக்கு அருகில் வயலுக்குள்ளிருந்து நெல் மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று திடீரென்று தெருவில் ஏறியது. பிரேக்கை மிதித்தேன். முதுகுக்குப் பின்னால் சங்கிலி அறுந்த சத்தம் கேட்டது. மருதமுனைக்காரன் எப்போதும் மரத்தின்மேல்தான் உட்கார்ந்து வருவான். நான் இறங்கி ஓடியபோது அவன் தெருவில் கிடந்தான். முழங்காலுக்குக் கீழே, காலின்மேல் முதிரை மரம் கிடந்தது. வண்டிக்காரரும் வயலில் நின்ற வீரமுனைச் சனங்களும் ஓடிவந்து மரத்தைத் தூக்கினார்கள். அவன் கத்தவில்லை. "உம்மாக்கிட்டச் சொல்லிராத" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் அந்தக் காலை வெட்டி எடுத்தார்கள்.

பொலிஸ் வருவதற்கு முன்னமே முதலாளி வந்துவிட்டார். அறுந்ததைத் தன் காருக்குள் போட்டுவிட்டு, எண்ணெய் காயாத புதுச் சங்கிலி ஒன்றைத் தெருவில் போட்டார். அத்தனை நாளும் கிடைக்காத சங்கிலி ஒரு மணித்தியாலத்தில் கிடைத்திருந்தது.

"கட்டினவன்ட பிழ. நீ வேற ஒண்டும் கதைக்கத் தேவல்ல" என்றார்.

விசாரணையில் அதைத்தான் சொன்னேன். சங்கிலி நல்லது, அவன் சரியாக இறுக்கவில்லை. புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். அன்றைக்கு அவன் சங்கிலியை உதைத்துப் பார்த்தானா என்று ஒருவரும் கேட்கவில்லை. பார்த்தான். பார்த்துவிட்டு, "இது தாங்காது" என்றும் சொன்னான். ஏறு, போவோம் என்று சொன்னது நான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவனைப் பார்க்கப் போனேன். அவன் பெண்சாதி தறியில் இருந்தாள். அவன் கீழே உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தான். ராட்டினத்தை நிறுத்தவில்லை.

"நீ சொன்னதெல்லாம் கேள்விப்பட்டன். இனி இங்க வராத" என்றான்.

நானும் பிறகு போகவில்லை. மன்னிப்புக் கேட்கப் போயிருக்கலாம் என்று இப்போது சொல்வது இலகு. ஆனால் அவன் வராதே என்றது எனக்கு அப்போது வசதியாக இருந்தது. அதுதான் உண்மை.

அதே முதலாளிக்கு இன்னும் பல வருடம் லொறி ஓட்டினேன். அவர் ஹஜ்ஜுக்குப் போன வருடம், புறப்படுவதற்கு முன் வழக்கப்படி வீடு வீடாகப் போய் மாப்புக் கேட்டார். மரக்காலையில் என் கையையும் பிடித்து, "தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்ச பிழைகள மன்னிச்சிருங்க, தம்பி" என்றார். மருதமுனைக்குப் போனீர்களா என்று கேட்க நினைத்தேன். "மன்னிச்சிட்டன், ஹாஜியார்" என்றேன். ஹஜ் முடித்து வந்தவரைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள்; அவர் இன்னும் புறப்படவே இல்லை. நான்தான் முதலில் அவரை ஹாஜியார் என்று கூப்பிட்டேன்.