பதினான்கு நாள் அம்மை

நிரஞ்சனிக்கு, குவைத்தில் அவள் வேலை செய்யும் வீட்டுக்காரர்கள் கொடுத்தது இருபத்தெட்டு நாள் லீவு. அதுவும் அவள் கேட்ட மாதத்தில் இல்லை. அவர்கள் குடும்பத்தோடு வெளிநாடு போகும் ஜூனில், சமைக்க ஆள் தேவைப்படாத நாட்களில் கொடுத்தார்கள். இலங்கையில் அவளுடைய ஊரான கட்டுகஸ்தோட்டையில் பள்ளிக்கூடம் ஆகஸ்டில்தான் மூடும் என்பது அவர்களுடைய கவலையில்லை.

அவள் போகும்போது மகள் டிலுக்ஷிக்கு ஆறு வயது. இப்போது பத்து. இடையில் ஒரு தடவை வந்திருந்தாள். அதுவும் பள்ளிக்கூட நாட்கள்தான். அந்த மாதம் முழுக்க காலை ஆறே முக்காலுக்கு மகளின் முதுகைப் பார்த்தாள். பின்னேர வகுப்பும் முடிந்து ஐந்து மணிக்கு அவளுடைய களைத்த முகத்தைப் பார்த்தாள். இடைப்பட்ட நேரத்தில் அடுத்த நாளுக்கான வெள்ளைக் கவுனை இஸ்திரி போட்டாள். அந்த லீவில் அவளுக்கு மிஞ்சியது அவ்வளவுதான்.

இந்தத் தடவை வந்து மூன்று நாளாகியும் பிள்ளை அவளை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் அத்தையிடம் கேட்டாள். அத்தை அன்னலட்சுமி, நிரஞ்சனியின் புருஷனுடைய அக்கா. நான்கு வருஷமாக வீட்டைப் பார்த்துக்கொள்பவள்.

"அஞ்சே அஞ்சு நாள்தாங்க. நிலாவெளிக்குக் கூட்டிட்டுப் போவோம். கடலப் பார்த்தா புள்ள கொஞ்சம் ஒட்டும்" என்றாள் நிரஞ்சனி.

புருஷன் லெட்சுமணன் நகரசபையில் வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவன். எதற்கும் சட்டென்று பதில் சொல்ல மாட்டான். "அஞ்சாம் ஆண்டு ஸ்கொலர்ஷிப் பரீட்சைக் கிளாஸ். மெடிக்கல் சர்டிபிகேட் இல்லாம ஒரு நாள்கூட லீவு இல்லன்னு டீச்சர் மீட்டிங்லயே சொல்லிட்டாங்க."

"பொய் மெடிக்கலுக்கு யார்கிட்ட போறது?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "அம்மைன்னு சொன்னா மெடிக்கல் கேட்க மாட்டாங்க."

கேட்கவுமில்லை. அம்மைக்கு யாரும் டொக்டரிடம் போவதில்லை. போனாலும் வெளியே சொல்வதில்லை. அது டீச்சருக்கும் தெரியும். போனில் அவர் சொன்னது ஒன்றுதான்: "ஐயோ, பதினாலு நாளைக்குப் புள்ளைய அனுப்பிடாதீங்க."

அந்தப் பதினான்கை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. பொய்க்கும் ஒரு கால அளவு உண்டு. காய்ச்சல் என்றால் மூன்று நாளோடு முடியும். அம்மை என்று சொல்லிவிட்டால் ஐந்தாம் நாள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப முடியாது.

அன்னலட்சுமி வாசலில் வேப்பிலை செருகினாள். செருகும்போதே சொன்னாள்: "கடல் குளிக்கிறதுக்கு மாரியம்மாவ சாட்சிக்குக் கூப்பிட்ட மொத ஆளு நீதான் புள்ள."

"நான் எங்க அண்ணி கூப்பிட்டேன்? உங்க தம்பிதான்."

"அவனுக்கு எங்க அவ்வளவு மூள. நீ வந்த பெறகு வந்திருக்கு."

விஷயத்தைச் சொன்னபோது டிலுக்ஷி அழவில்லை. "டீச்சர் பேர் கூப்பிடுவாங்க" என்றாள், அத்தையைப் பார்த்து.

"கூப்பிட்டா என்ன?" என்று கேட்டாள் நிரஞ்சனி.

"நான் இருக்க மாட்டேன்."

நிரஞ்சனி சிரித்துவிட்டாள். குழந்தைப் பேச்சு என்று நினைத்தாள்.

விடியுமுன் மூவரும் முதல் பஸ்ஸில் ஏறினார்கள். அன்னலட்சுமி கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தாள். அம்மை கண்ட வீட்டுக்கு யாரும் வர மாட்டார்கள். உள்ளே யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று எட்டிப் பார்க்கவும் மாட்டார்கள்.

நிலாவெளியில் அறை கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. முதல் நாள் காலையில் நிரஞ்சனி புதுத் துவாயோடு நின்றாள். டிலுக்ஷி மாதிரி வினாத்தாள் புத்தகத்தோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"வா, கடலுக்குப் போவோம்."

"வெயில்."

"வெயில் என்ன செய்யும்?"

"கறுத்துப் போயிருவேன். அம்மை போட்டவங்க வீட்டுக்குள்ளதானே இருப்பாங்க. பிரதீஸ் கேட்பான்." பிரதீஸ் அடுத்த வீட்டுப் பையன், அவளுடைய வகுப்புத்தான்.

லெட்சுமணன் குடை வாங்கி வந்தான். தொப்பி வாங்கி வந்தான். பிள்ளை அசையவில்லை. பகல் முழுக்க மின்விசிறிக்குக் கீழே கணக்குச் செய்தாள். பொழுது சாய்ந்த பிறகுதான் தண்ணீருக்கு வந்தாள், அதுவும் முழங்கால் மட்டும். மூன்றாம் நாள் ஒரு பெரிய அலை வந்தபோது நிரஞ்சனியின் கையைப் பிடித்தாள். அலை வடிந்ததும் விட்டுவிட்டாள். ஐந்து நாளில் கிடைத்தது அந்த ஓர் அலையின் நேரம். அதைப் பெரிதென்று சொல்ல முடியாது. ஆனால் நிரஞ்சனி அறைக்கு வந்த பிறகும் அந்தக் கையைத் துடைக்காமல் வைத்திருந்தாள்.

இருட்டில் போனதுபோலவே இருட்டில் திரும்பி வந்தார்கள். வாசலில் ஐந்து செவ்விளநீர் இருந்தன. கடைக்கார ஹாஷிம் நாநா தினமும் ஒன்றாகப் பையனிடம் கொடுத்து கேட்டுக்கு வெளியே வைக்கச் சொல்லியிருக்கிறார்.

"புள்ளைக்கு உடம்பு குளிரட்டும்னு சொன்னாராம்" என்றாள் அன்னலட்சுமி. "எனக்குத் தொண்டையில எறங்கல. நீங்களாவது குடிங்க."

யாரும் குடிக்கவில்லை.

மிச்சமிருந்த ஒன்பது நாளும் பிள்ளை உள்ளேயே அடைந்து கிடந்தது. நிரஞ்சனி ஆசைப்பட்டதும் இதைத்தான். நாள் முழுக்க மகள் கண்ணெதிரே இருந்தாள். ஆனால் ஏழரை மணியானால் டிலுக்ஷி பேச்சை நிறுத்திவிட்டுச் சுவர்க்கடிகாரத்தைப் பார்ப்பாள். எட்டானதும் தலையைக் குனிந்துகொண்டு வினாத்தாளைத் திறப்பாள். அந்த அரை மணி நேரம் அவளிடம் எதைக் கேட்டாலும் பதில் வராது.

அது என்னவென்று பத்தாம் நாள்தான் நிரஞ்சனிக்குப் புரிந்தது. போர்வை எடுக்க அலுமாரியைத் திறந்தவள் கதவின் உட்புறத்தில் நான்கு சான்றிதழ்கள் வரிசையாக ஒட்டியிருப்பதைக் கண்டாள். முதலாம் ஆண்டு முதல் நான்காம் ஆண்டு வரை. வருஷத்தில் ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை என்பதற்காகக் கொடுத்தவை. ஐந்தாவதுக்கு அளவாக இடம் விட்டு, பென்சிலால் ஒரு கட்டம் கீறப்பட்டிருந்தது. ஏழரை, வகுப்பில் பேர் கூப்பிடும் நேரம்.

"இத ஏங்க என்கிட்ட சொல்லல?"

லெட்சுமணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "போன வருஷம் போன்ல சொன்னேனே. சந்தோஷம்னு சொன்ன."

அவளுக்கு ஞாபகமில்லை. அடுப்பில் எதையோ வைத்துக்கொண்டு கேட்டிருப்பாள். முதலாம் ஆண்டு என்பது தான் விமானம் ஏறிய வருஷம் என்று அப்போதுதான் கணக்குப் பார்த்தாள். தாய் இல்லாமல் போன அன்றும் இந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போய், பேர் கூப்பிட்டபோது எழுந்து நின்றிருக்கிறது. ஒருவர் இல்லாமல் போவது என்றால் என்னவென்று வீட்டில் படித்த பிள்ளை, தான் ஒருநாளும் அப்படிப் போகக்கூடாது என்று இருந்திருக்கிறது.

அம்மை இறங்கினால் தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்ற வேண்டும். அக்கம்பக்கம் பார்க்கும்படி அன்னலட்சுமி முதல் இரண்டையும் முறைப்படி ஊற்றியிருந்தாள். கடைசித் தண்ணீரன்று சொன்னாள்: "இத நீ ஊத்து. பொய்யோ மெய்யோ, தாய் கையால முடியட்டும்."

வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. பின்புறக் குழாயடியில் பலகை போட்டு டிலுக்ஷி உட்கார்ந்தாள். பிரதீஸின் தாய் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கும்பிட்டாள். ஆறு வயதுக்குப் பிறகு அந்தத் தலையை நிரஞ்சனி கழுவுவது இதுதான் முதல் தடவை. செம்பைச் சாய்த்து, தலைமுடியை விலக்கி, தோளைத் தடவி, முன்னங்கைக்கு வந்தபோது பிள்ளை கையை இழுத்துக்கொண்டது.

மூன்று சிறிய புள்ளிகள். வட்டமாக, ஒரே அளவில், பொருக்குத் தட்டியிருந்தன.

"இது என்னம்மா?"

"ஒன்னுமில்ல."

"என்னன்னு சொல்லு."

"கொம்பாஸ் முனையால குத்திக்கிட்டேன்." வேலிக்குக் கேட்காத குரலில் சொன்னாள். "எல்லாரும் தழும்பு எங்கன்னு கேட்பாங்க. காட்டணும்ல."

செம்பில் பாதித் தண்ணீர் இருந்தது. பிரதீஸின் தாய் பார்த்துக்கொண்டிருந்ததால் நிரஞ்சனி அதையும் ஊற்றி முடித்தாள். தலை துவட்டி வீட்டுக்குள் கூட்டி வந்த பிறகுதான் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு நான் வந்து டீச்சர்கிட்ட உண்மையச் சொல்லிடறேன். என் பிழைதான்னு சொல்றேன்."

"வேணாம்மா." டிலுக்ஷி கோபப்படவில்லை. ஒரு கணக்கை விளக்குவதுபோல் சொன்னாள்: "நீங்க போயிடுவீங்க. நான்தானே அங்க இருக்கணும்."

அம்மா என்ற சொல்லை இந்த லீவில் நிரஞ்சனி அந்த ‘வேணாம்மா’வில்தான் முதல் தடவையாகக் கேட்டாள். துவாயை எடுத்து மறுபடியும் அவளுடைய தலையைத் துவட்டினாள்.

திங்கட்கிழமை பிள்ளை பள்ளிக்கூடம் போனது. அன்னலட்சுமி காய்ந்த வேப்பிலையை எடுத்து ஆற்றில் விடப் போனாள். லீவில் இன்னும் எட்டு நாள் மிச்சமிருந்தது. நிரஞ்சனி கவுனை இஸ்திரி போட்டாள். ஐந்து மணிக்கு டிலுக்ஷி வந்து சப்பாத்தைக் கழற்றினாள்.

"கேட்டாங்களா?"

"கேட்டாங்க. காட்டினேன்."

"டீச்சர்?"

"புத்தகத்துல சுகயீனம்னு எழுதினாங்க. பரிசுக்கு அது சரிவராதாம்." சப்பாத்தைச் சுவரோரமாக வைத்தாள். "அம்மா வந்த நேரம் நல்லதாப் போச்சு, பக்கத்துல இருந்து நல்லாப் பார்த்துக்கிட்டாங்கதானேன்னு கேட்டாங்க."

நிரஞ்சனி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"ஆமான்னு சொன்னேன்" என்றாள் டிலுக்ஷி. "அதையும் சொல்லத்தானே வேணும்."

பிறகு பையிலிருந்து வினாத்தாள் புத்தகத்தை எடுத்து, மேசையருகே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.