மனஸ்தாபத்துக்கு இங்கிலீஷ் என்ன?

எங்கள் தேயிலைத் தோட்டத்து ராக்காயியும் மாரியாயியும் பீலிக் குழாயில் யார் முதலில் தண்ணீர் பிடிப்பது என்று சண்டை போட்டுப் பேசாமல் இருந்தார்கள். ஒரே லயத்து வரிசைவீட்டில் அடுத்தடுத்த காம்பரா அறை.

"இவர்களுக்குள் என்ன?" என்று போன வாரம் ஒரு காலையில் துரை இங்கிலீஷில் கேட்டார்.

கிளாக்கரான நான் வாயில் வந்ததைச் சொன்னேன். "எனிமீஸ், சார்."

பகையாளிகளை ஒரே லயத்தில் வைக்கக்கூடாதாம். மத்தியானமே ராக்காயியை வரக்காப்பொலப் பக்கத்துத் தோட்டத்துக்கு வண்டியேற்றிவிட்டார்.

வழிக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தவள் மாரியாயி. பிறகு நேரே என்னிடம் வந்தாள்.

"சும்மா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தோம். அதப் போயி பகைன்னு சொல்லிட்டீங்களேய்யா."

துரையிடம் ஓடினேன். ஃபைட், வார் தவிர வேறு வார்த்தை வரவில்லை. திரும்பிவிட்டேன்.

மனஸ்தாபத்துக்கு இங்கிலீஷில் என்ன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாரியாயி இப்போது என்னோடு பேசுவதில்லை.