மாடி வீட்டுக் காரின் சைலன்சர்

எங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு இரண்டடி தள்ளித்தான் மாடி வீட்டுக்காரர்களின் கார் நிற்கும். மந்தைவெளியில் எட்டு வீடுகள் கொண்ட பழைய அடுக்ககம் எங்களுடையது. கீழ்த்தளத்தில் எங்கள் வீடு ஒன்றுதான், மீதி இடமெல்லாம் வண்டிகளுக்கு. பதினெட்டு வருடமாக அந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. போன புரட்டாசியில் ஒரு நாள் சாயங்காலம் ஐந்தே காலுக்கு அந்தக் காரைக் கிளப்பினார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அலமாரியில் இருந்த டம்ளர்கள் கிணுகிணுத்தன. என் கணவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாயில் அரைகுறையாகத் திரண்டிருந்த எழுத்து உள்ளேயே போய்விட்டது.

அந்த எழுத்து 'கா'. அதற்காக ஒரு மாதமாகக் காத்துக்கொண்டிருந்தோம்.

ஆடியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. நடை திரும்பிவிட்டது, வலது கையும் பாதி திரும்பியது. பேச்சு மட்டும் வரவில்லை. புத்திக்கு ஒன்றும் இல்லை, வார்த்தையெல்லாம் உள்ளே அப்படியே இருக்கிறது, உதடும் நாக்கும்தான் சொன்னபடி கேட்கவில்லை என்றார் டாக்டர். முதல் ஆறு மாதத்தில் எவ்வளவு பழக்குகிறோமோ அவ்வளவு நல்லது, அப்புறம் முன்னேற்றம் குறைந்துவிடும் என்றும் சொன்னார். தினமும் காலையில் பேப்பரை உரக்கப் படித்து, ஒவ்வொரு செய்தி முடிவிலும் "கர்மம், கர்மம்" என்று தலையில் அடித்துக்கொள்ளும் மனிதர் அவர். கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் தேவலை என்று நான் எத்தனையோ நாள் நினைத்ததுண்டு. இப்போது தை மாதம் வருவதற்குள் ஒரு வார்த்தையாவது வர வேண்டுமே என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பேச்சுப் பயிற்சி தர அடையாறிலிருந்து ஒரு பெண் தினமும் ஐந்து மணிக்கு வருவாள். அவள் முறை இது: காபி டம்ளரை அவர் கண்ணெதிரே வைக்க வேண்டும், 'கா' என்று சொன்ன பிறகுதான் கையில் தர வேண்டும். நாற்பது வருடமாக அவர் கேட்காமலே கொண்டுபோய்க் கொடுத்த காபி. நாய்க்குட்டிக்கு பிஸ்கட் காட்டுவது போல டம்ளரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், என்னைப் பார்த்து எனக்கே குமட்டும். உதட்டுக்கும் ஒரு பயிற்சி உண்டு. இரண்டு உதட்டையும் சேர்த்துக் காற்றை விட்டு, சின்னக் குழந்தைகள் பஸ் ஓட்டுவது போல 'டுர்ர்ர்' என்று அதிரவைக்க வேண்டும். இன்ஜினீயராக ரிடையர் ஆனவர் இதைச் செய்வாரா? முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

சத்தம் வந்த முதல் இரண்டு நாள் எனக்குக் கோபம் வரவில்லை. பரிதாபம்தான் வந்தது. அந்த வாரம்தான் எங்கள் பழைய காரின் சைலன்சர் ஓட்டையாகிப் போயிருந்தது. கடலுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. உப்புக்காற்று வண்டியின் அடிப்பக்கத்தைத் தின்றுவிடும், ஓட்டாமல் நிறுத்தி வைத்தால் இன்னும் சீக்கிரம் தின்னும். அவரை டாக்டரிடம் நானே ஓட்டி அழைத்துப் போகும்போது லஸ் சிக்னலில் அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க, கூனிக் குறுகிப் போனேன். தேனாம்பேட்டையில் எங்கள் மெக்கானிக்கிடம் விட்டபோது, "ஒரு கம்பெனி பீஸு கீதும்மா, புச்சு மாதிரி. உன் வண்டிக்கு கரெக்டா ஒக்காரும்" என்று மாட்டிக் கொடுத்தார். அதன் பிறகு வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாத அளவுக்கு அமைதி. அவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும் என்று மனதார நினைத்துக்கொண்டேன்.

ஆகவே மாடிக் காருக்கும் அதே வியாதி என்று எண்ணி மேலே போனேன். பாண்டி பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம், திருநெல்வேலிப் பக்கம். அந்த அம்மாளிடம், "உங்க வண்டில சைலன்சர் போயிடுத்து போலிருக்கே. எங்க மெக்கானிக்கை வேணா அனுப்பட்டுமா?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். "ரிப்பேரு இல்லக்கா. பய ஆசப்பட்டு சைலன்சரக் கழட்டிட்டு வெறுங்குழாய மாட்டிருக்கான். கேட்க நல்லா இருக்குல்லா?"

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. துருப்பிடித்து விழுந்தால் ஒட்ட வைக்கிறோம், சரி. நன்றாக இருப்பதைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த அசிங்கத்தைக் கெத்து என்று சொல்லிக்கொண்டு தெருத்தெருவாகப் போவானா ஒருவன்? போனான். ஐந்தே காலுக்குக் கடைக்குக் கிளம்புவான். கிளப்பியதும் நான்கு தடவை முறுக்குவான், இன்ஜின் சூடாக வேண்டுமாம். சத்தத்தோடு புகையும் எங்கள் ஜன்னல் வழியே வந்து காபியில் இறங்கும். அதற்குப் பிறகு அன்றைக்கு அவர் வாயைத் திறக்கவே மாட்டார். பயிற்சிக்கு வரும் பெண் கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள்.

அடுக்ககக் கூட்டத்தில் சொன்னேன். தண்ணீர்த் தொட்டி கழுவுவதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியவர்கள் என் விஷயத்தை இரண்டு நிமிடத்தில் முடித்தார்கள். யார் மனமும் புண்படாமல் வாட்ஸ்ஆப் குழுவில் பொதுவாக ஒரு வேண்டுகோள் போடுவதாக முடிவு. போட்டார்கள். ஆறு பேர் கைகூப்பும் பொம்மை போட்டார்கள். அதில் அந்தப் பையனும் ஒருவன். மறுநாள் ஐந்தே காலுக்கு டம்ளர்கள் கிணுகிணுத்தன.

வேறு வழியில்லாமல் மெக்கானிக்கிடம் போனேன். சைலன்சரைக் கழற்றினால் இன்ஜின் பாழாகும் என்று பயமுறுத்தவாவது ஏதாவது இருக்குமா என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணியும் ஆவாதும்மா. சைலன்சர் உள்ள ஓட்ட ஓட்டயா குழாய்ங்க கீது. சத்தம் அதுல சுத்தி சுத்தி அலுத்துப்போய் வெளிய வரும். கழட்டிட்டா நேரா வருது, அவ்ளோதான்" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, "இன்னாத்துக்கு கேக்குற? உன் பில்டிங் பையனா? அத நான்தாம்மா கழட்னேன்" என்றார்.

"கழட்டினதை எங்க வெச்சிருக்கேள்?"

"உன் வண்டிலதான் கீது. ரெண்டும் ஒரே கம்பெனி வண்டியாச்சே."

முன்பே ஏன் சொல்லவில்லை என்றேன். நீ கேக்கலியே என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. புத்தம் புதுசு மாதிரி ஒரு சைலன்சர் யார் வண்டியிலிருந்து, எதற்காக வந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அந்தப் பையன் என் ஜன்னலில் கொட்டும் சத்தத்தை அடக்க வேண்டிய சாமானை நான் என் வண்டியில் மாட்டிக்கொண்டு சுகமாகப் போய்க்கொண்டிருந்தேன். திரும்பி வரும் வழி முழுக்க அந்த அமைதி எனக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் அவனைக் கீழே பிடித்தேன். "உன் சைலன்சரை நானே திருப்பி மாட்டிக் குடுக்கச் சொல்றேன்பா. மாமாவுக்குப் பேச்சு வர வேண்டியிருக்கு" என்றேன்.

அவன் மரியாதையான பையன், அதுதான் இன்னும் எரிச்சல். "அதெல்லாம் நீங்களே வச்சுக்கோங்க ஆன்ட்டி. நான் மெதுவா எடுத்துட்டுப் போறேன்" என்றான். இரண்டு நாள் மெதுவாகத்தான் போனான். மூன்றாம் நாள் சிநேகிதர்கள் வந்தார்கள். ஜன்னலுக்கு நேராக வண்டியை நிறுத்தி, "மச்சி, கேளுடா" என்று முறுக்கிக் காட்டினான், நான்கு தடவை இல்லை, பத்து தடவை இருக்கும்.

நான் எழுந்து கத்தப் போனேன். அதற்குள் என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். மூக்கைச் சுளித்தார். தூ என்று துப்பப் போகிறார் என்றுதான் நினைத்தேன். உதட்டைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அந்தக் காரைப் பார்த்துப் பழிப்புக் காட்டினார். "டுர்ர்ர்."

பயிற்சிப் பெண் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள். "மாமி, இதத்தானே மூணு மாசமா கேட்டுண்டிருக்கேன்" என்றாள். அவர் இன்னொரு தடவை செய்தார். எச்சில் சட்டையில் ஒழுகியது, நான் துடைத்துவிட்டேன். காபிக்கு ஆசைப்பட்டு வராதது வெறுப்பில் வந்துவிட்டது.

அப்புறம் தினமும் இதுவே வழக்கமாயிற்று. ஐந்தே காலுக்கு அவன் முறுக்குவான், இவர் ஜன்னலில் நின்று பழிப்புக் காட்டுவார். அவனுக்கு அது பழிப்பு என்று கூடத் தெரியவில்லை, "அங்கிள் செம" என்று கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் ஐந்து மணியானால் மாடிப்படியில் அவன் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று நானே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதைவிடக் கேவலமான ஒரு காத்திருப்பை நான் கண்டதில்லை.

கார்த்திகை கடைசியில் அடையாறு சிக்னலில் போலீஸ் அவனைப் பிடித்தது. சைலன்சர் மாட்டி வந்து காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். தலையைச் சொறிந்துகொண்டு வாசலில் வந்து நின்றான். "ஆன்ட்டி, அத நீங்க தர்றேன்னு சொன்னீங்களே." மூன்று மாதமாக நான் வேண்டிக்கொண்டது நடந்துவிட்டது. தேனாம்பேட்டைக்கு இரண்டு வண்டியும் போயின. அவனுடையது அவனுக்கே போயிற்று. எங்களுக்குப் புதுசு வர ஒரு வாரம் ஆகும், அதுவரைக்கும் ஓட்டையான பழசையே மாட்டி வைக்கிறேன் என்றார் மெக்கானிக்.

மறுநாளிலிருந்து அவன் கார் பூனை மாதிரி நழுவிப் போனது. என் கணவர் ஐந்தே காலுக்கு ஜன்னலில் போய் நின்றார். காலியான இடத்தைப் பார்த்தார். வந்து கட்டிலில் உட்கார்ந்தார். பயிற்சிப் பெண் தன் வாயால் 'டுர்ர்ர்' என்று செய்து காட்டினாள், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான்கு நாள் அப்படியே போயிற்று. காபி நான்கு நாளும் ஆறிப்போனது. மார்கழி பிறந்துவிட்டது.

ஐந்தாம் நாள், அவன் கடைக்குப் போனதும், கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். வாசல் பக்கம் நின்றிருந்த எங்கள் பழைய காரைக் கிளப்பி, பின்னால் எடுத்து, அவன் இடத்தில், எங்கள் ஜன்னலுக்கு இரண்டடி தள்ளிக் கொண்டுவந்து நிறுத்தினேன். நியூட்ரலில் போட்டேன். அறுபத்து நான்கு வயதில் மடிசார் கட்டாத குறையாக இருக்கும் ஒருத்தி செய்கிற காரியமா இது? ஆக்சிலரேட்டரை மிதித்தேன். ஓட்டை சைலன்சர் கட்டடம் முழுவதும் அலறியது. புகை என் மூக்கிலேயே ஏறியது. வெட்கமாக இருந்தது, அருவருப்பாக இருந்தது. காலை எடுக்கவில்லை.

மூன்றாம் மாடியில் யாரோ கதவைப் படாரென்று சாத்தினார்கள். மேல் பால்கனியிலிருந்து பையனின் அம்மா எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, வண்டி ரிப்பேரா? நம்ம பயலப் பாக்கச் சொல்லட்டுமா?" நிஜமான பரிதாபத்தோடுதான் கேட்டாள்.

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். காரைப் பார்த்தார், உள்ளே என்னைப் பார்த்தார். உதட்டைச் சேர்த்தார். சத்தம் வரவில்லை. பிறகு இடது கையைத் தூக்கி மெதுவாகத் தலையில் அடித்துக்கொண்டார்.

"கர்... மம்" என்றார்.

நான் இன்னொரு தடவை மிதித்தேன்.